மருதமுனைத் தறியும் தொழில் பயில்வோரும்

மட்டக்களப்பிலிருந்து கடலோரமாகத் தெற்கே வரும் பெருந்தெருவிலே, கல்லாற்றைக் கடந்து பெரியநீலாவணையை விட்டதும் மருதமுனை, மருதமுனையை விட்டதும் பாண்டிருப்பு, அதன்பின் கல்முனை. வேலிக்கு இப்பால் ஓரூர், அப்பால் மற்றோரூர் என்னும்படி நெருங்கிக் கிடப்பவை இவை. பாண்டிருப்பிலே திரௌபதையம்மன் கோயில் மணியோசை. மருதமுனையிலே பள்ளிவாசலின் பாங்கோசை. இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஓர் ஓசையும் முன்னாளில் இருந்தது. அது தறியோசை. விடிகாலை தொடங்கி விளக்கு வைக்கும் வரையும் வீட்டுக்கு வீடு மாறிமாறி எழுந்த அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் எமது சங்கத்து மூத்தோரிற் பலர். இன்று அவ்வோசையைத் தேடிப்போய்க் கேட்கவேண்டியிருக்கிறது.

மருதமுனையின் நெசவுப் பெருமையைப் பாடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. சாரமும் சேலையும் அப்பெருமையைத் தாமே சொல்லும். ஒரு சிறுவன் எவ்வாறு தொழிலாளி ஆகிறான், முதல் நாள் அவன் கையில் என்ன கொடுக்கப்படுகிறது, எத்தனை நாளில் அவன் தனித்துத் தறியில் இருக்கிறான், இடையில் விட்டுப் போனால் என்ன நேர்கிறது என்பனவற்றையே நாம் இங்கு ஆராய எண்ணினோம். எமது சங்கத்துக்கு வரும் இளைஞர்களிற் பத்துப் பேரைக் கேட்டால் எட்டுப் பேர் “என்ன தொழில் செய்வது?” என்கின்றனர். தொழில் என்பது கிடைப்பது என்று அவர்கள் எண்ணுகின்றனர். பயிலப்படுவது என்று முன்னோர் எண்ணினர். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் பெரிது.

தொழில் பயிலும் வரலாறு எழுத்தில் நமக்குக் கிடைப்பது எங்கே என்று பார்த்தால், மிகத் தெளிவான பழைய சான்றுகளிற் சில நெசவாளரைப் பற்றியனவாகவே இருக்கின்றன. எகிப்து தேசத்திலே ஒக்ஸிரிங்கஸ் என்ற பழைய பட்டினத்தின் குப்பை மேடுகளை 1896ஆம் ஆண்டு முதலாக ஆங்கில அறிஞர் இருவர் தோண்டினர். மழை காணாத அம்மணலிலே, புல்லிற் செய்த பழந்தாள்கள் ஆயிரக்கணக்காக அழியாது கிடந்தன. கடிதங்கள், கணக்குகள், வரிச்சீட்டுகள், வழக்குகள் எனப் பலவும் அவற்றில் உண்டு. அவற்றுள்ளே கி. பி. 66ஆம் ஆண்டில் எழுதப்பட்ட ஓர் உடன்படிக்கை இருக்கிறது. திரைபோன் என்பவர் தம் மகன் தூனிஸ் என்னும் சிறுவனைத் தொலமி என்ற நெசவாளரிடம் ஓராண்டுக்குத் தொழில் பயில ஒப்படைக்கிறார். தொலமி தாம் அறிந்த அளவுக்கு நெசவுத் தொழில் முழுவதையும் சிறுவனுக்குக் கற்பிக்கவேண்டும். சிறுவன் ஆசானிடம் இருந்து ஏவிய வேலையெல்லாம் செய்யவேண்டும். அவனுக்கு உணவும் உடையும் கொடுப்பது தகப்பன் பொறுப்பு. ஆயினும் உணவுச் செலவுக்கென மாதம் 5 திராக்மாவும், ஆண்டு முடிவில் உடைக்கென 12 திராக்மாவும் ஆசான் தகப்பனுக்குக் கொடுப்பார். சிறுவன் வராத நாள்களுக்கு ஈடாகப் பின்னர் அத்தனை நாள் வந்து வேலை செய்யவேண்டும். அல்லாவிடில் நாளொன்றுக்கு ஒரு வெள்ளித் திராக்மா. தகப்பன் தவணைக்கு முன் மகனை அழைத்துக்கொண்டு போனால் 100 திராக்மா தண்டம். ஆசான் ஒழுங்காகக் கற்பிக்கத் தவறினால் அவருக்கும் அதே தண்டம்.

இவ்வுடன்படிக்கையிலே எமது மனத்தைத் தொட்டவை இரண்டு. ஒன்று, கற்பிக்கும் தொலமிக்கு எழுதத் தெரியாது. அவருக்காக வேறொருவர் கையெழுத்திட்டிருக்கிறார். எழுத்தறியாத ஒருவர், தாம் அறிந்ததனைத்தையும் கற்பிப்பேன் என்று எழுத்திலே வாக்குக் கொடுக்கிறார். மற்றது, தகப்பனாகிய திரைபோனும் நெசவாளரே. அவரைப் பற்றிய வேறு தாள்களும் அம்மணலிற் கிடைத்துள்ளன. 52ஆம் ஆண்டிலே கண்பார்வைக் குறைவினால் அவர் அரச கடமையிலிருந்து விடுவிக்கப்பட்டார். 54ஆம் ஆண்டிலே 20 திராக்மாவுக்கு ஒரு தறி வாங்கினார். தறியுடைய நெசவாளர் ஒருவர் தம் பிள்ளையை ஏன் பிறரிடம் விடவேண்டும்? கண் மங்கியவரால் நுண்ணிய நூலைப் பிள்ளைக்குக் காட்டிக் கொடுப்பது அரிதாயிருக்கலாம். அல்லது, தகப்பனிடம் பிள்ளை தொழில் கற்கமாட்டான் என்ற உண்மையை அவரும் அறிந்திருக்கலாம். இவ்வுண்மை எகிப்துக்கு மாத்திரம் உரியதன்று என்பதை மகனுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்பித்தவர் எவரும் ஒப்புவர்.

மருதமுனையிலே இத்தகைய தாள் எதுவும் எழுதப்பட்டதில்லை. இங்கே உடன்படிக்கை என்பது வீடுதான். மட்டக்களப்புப் பகுதியில் வாழும் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமுறை உடையோர் என்பதும், வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனமாகப் போவதும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்வதும் நம்மவர் யாவரும் அறிந்தவை. எனவே, தறி நிற்கும் வீடு மகளுக்கு உரியது. மகன் அத்தறியிற் பழகுவான். பின்பு மணமாகி வேறு வீட்டுக்குப் போவான். அங்கே மாமனாரின் தறி இருக்கும், அல்லது புதிதாக ஒன்று நாட்டப்படும். தகப்பனிடம் தொடங்கி மாமனாரிடம் முடிவது அவன் பயிற்சி. நூல் சுற்றுவதும் தார் போடுவதும் பெண்களின் கைவேலையாதலால், சிறுவனுக்கு முதலாசான் பெரும்பாலும் உம்மாவாகவே இருப்பாள்.

இதனை நாம் நூலிற் படித்துச் சொல்லவில்லை. 1966ஆம் ஆண்டளவிலே, பதினொரு பன்னிரண்டு வயதிலே, நாமும் மூன்று மாதம் மருதமுனையில் ஒரு நெசவாளர் வீட்டிலே குந்தியிருந்தோம். எமது தகப்பனாருக்கு அவர் சிநேகிதர். அவரை நாம் காக்கா என்றே அழைப்போம். பள்ளி விடுமுறையிற் சும்மா திரியாதிருக்கட்டும் என்று விட்டது, விடுமுறை முடிந்த பின்னும் மாலை வேளைகளில் நீண்டது.

முதல் நாள் எமக்குத் தறியைக் காட்டவேயில்லை. ராட்டினத்தின் முன்னே இருத்தினார்கள். சிட்டத்திலிருந்து நூலைத் தார்க்குச்சியிலே சுற்றவேண்டும். வலக்கை ராட்டினத்தைச் சுழற்ற, இடக்கையின் இரு விரல்களுக்கு இடையால் நூல் ஓடும். இறுக்கிப் பிடித்தால் அறும். நெகிழவிட்டால் தார் தளர்ந்து, ஓடத்துக்குள்ளே சரிந்து சிக்கும். நடுவிலே தடித்தும் நுனியிலே மெலிந்தும் அது வரவேண்டும். இரண்டு வாரம் நாம் சுற்றிய தார்களை அந்த வீட்டு உம்மா ஒரு பேச்சும் பேசாமல் அவிழ்த்துத் திரும்பச் சுற்றினார். ஏச்சு வாங்கியிருந்தால் மறந்திருப்போம்.

அடுத்தது முடிச்சு. நெசவிலே நூல் அறுவது குற்றமன்று. அறுந்ததை அறியாதிருப்பதும், அறிந்து பருமனாக முடிவதும் குற்றம். நெசவாளர் முடிச்சு மிகச் சிறியது. விழுதின் கண்ணுக்குள்ளாலும் அச்சின் பற்களுக்கு இடையாலும் தடைப்படாது நழுவிப் போகவேண்டும். இழுத்தால் மேலும் இறுகவேண்டும். கடற்றொழிலாளர் இரண்டு கயிறுகளைப் பிணைக்கப் போடும் முடிச்சும் இதுவும் அமைப்பில் ஒன்றே. மருதமுனைக் கடற்கரையிலே வலை கட்டுபவனும் கரையிலே தறி நெய்பவனும் ஒரே முடிச்சைப் போடுகிறார்கள் என்பதை அன்று நாம் அறிந்தோமில்லை. காக்கா சொன்னது இவ்வளவே: “மனே, கண்ணால பாக்காத. விரலுக்குத் தெரியும்.” அவர் மகன், எம்மிலும் இரண்டு வயது இளையவன், பெரியோருடன் கதைத்துக்கொண்டே நிமிடத்திற் பல முடிச்சுப் போடுவான்.

மூன்றாவது பாவு. இங்கேதான் கணக்கு வருகிறது. தொழிலைக் கைவேலை என்று இகழ்வோர் இந்த இடத்திற் சற்று நிற்கட்டும். பருத்தி நூலின் இலக்கம் என்பது ஓர் இறாத்தல் எடையில் எத்தனை சிட்டம் உண்டு என்பதாகும். ஒரு சிட்டம் 840 யார் நீளம். ஆகவே, 40ஆம் இலக்க நூல் ஓர் இறாத்தல் என்றால் 40 சிட்டம், அதாவது 33,600 யார். சாரத்தின் அகலம் 48 அங்குலம். அங்குலத்துக்கு 60 இழை வைத்தால் மொத்தம் 2,880 இழை. பன்னிரண்டு சாரத்துக்கு 24 யாரும் வெட்டிலும் நுனியிலும் போவதற்கு ஒரு யாருமாக 25 யார் பாவு என்றால், 72,000 யார் நூல் வேண்டும். இறாத்தற் கணக்கில் இரண்டும் ஏழிலொன்றும். இது பாவுக்கு மாத்திரம், ஊடைக்கு வேறு. இக்கணக்கைக் காக்கா கடதாசியிற் போட்டதை நாம் கண்டதில்லை. பள்ளியில் நாம் பின்னம் படித்துக்கொண்டிருந்த காலம் அது. பின்னம் எதற்கு என்று ஆசிரியர் சொல்லித்தராததை அவ்வீட்டுத் திண்ணையிலே விளங்கிக்கொண்டோம்.

கட்டச் சாரத்துக்கு இன்னுமொரு கணக்கு உண்டு. எத்தனை இழை நீலம், எத்தனை வெள்ளை, எத்தனை சிவப்பு என்ற வரிசை பாவிலே பிழைத்தால், பன்னிரண்டு சாரமும் பிழைக்கும். 2,880 இழையில் ஒன்று இடம் மாறினாலும் அதன் கோடு முதற் சாரத்திலிருந்து கடைசிச் சாரம் வரை ஓடும். ஊடையில் வரும் பிழையைப் பிரித்துத் திருத்தலாம். பாவின் பிழைக்கு மருந்தில்லை. அதனாற்றான் பாவோட்டும் நேரத்திலே சிறுவரைக் கதைக்கவிடார்.

பாவுக்குக் கஞ்சி போடுவது விடியற்புறத்து வேலை. சோற்றுக் கஞ்சியிலே சிறிது எண்ணெய் கலந்து, தென்னை மரங்களுக்கு இடையே நீளமாக இழுத்துக் கட்டிய பாவிலே தடவி, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டாதபடி தூரிகையால் வாரிவிடுவார்கள். வெயில் ஏறிவிட்டால் கஞ்சி சட்டெனக் காய்ந்து நூல் முறியும். மழை வந்துவிட்டாலோ அன்றைய உழைப்பும் கஞ்சியும் போயின. எனவே, வானத்தைப் பார்க்கக் கற்பதும் நெசவுப் பயிற்சியில் ஒரு பாடம். தறியைக் குழியிலே அமைப்பதற்கும் இத்தகைய காரணமே உண்டு. நிலத்தின் ஈரம் குழிக்குள் நிற்பதால் நூல் வறண்டு அறுவதில்லை. அக்குழியிலே காலைத் தொங்கவிட்டு மிதியை மிதிக்கும் உரிமை எல்லாவற்றுக்கும் கடைசியில் வருவது. முழுதாய் ஓராண்டு சென்ற பின்பே, வெள்ளைத் துணியிலே, அதுவும் வீட்டுப் பாவனைக்கான துணியிலே, புதியவனைக் குந்தவிடுவார்கள்.

நாம் அக்குழியில் ஒருநாளும் இருந்து நெய்யவில்லை. மூன்றாம் மாதம் எமது உறவினர் சிலர் வீட்டுக்கு வந்து, “பிள்ளையைப் படிப்பிக்காமல் தறிக்கு விட்டிருக்கிறீரா?” என்று எமது தகப்பனாரைக் கேட்டனர். ஊரவர் சிரிப்பதாகவும் சொன்னார்கள். மறுநாளே நாம் நிறுத்தப்பட்டோம். தூனிஸின் தகப்பனாயிருந்தால் 100 திராக்மா கட்டியிருக்கவேண்டும். எமது தகப்பனார் காக்காவிடம் ஒரு சொல்லுங்கூடச் சொல்லி அனுப்பவில்லை. பின்பு நாம் படித்தோம், எழுதுவினைஞர் ஆனோம், ஓய்வூதியமும் பெறுகிறோம். படித்தது பிழையென்று சொல்ல வரவில்லை. ஆனால், படிப்புக்கும் தறிக்கும் பகையென்று எமக்கு யார் சொல்லித்தந்தார்கள் என்பதே கேள்வி.

கையையும் கல்வியையும் பிரித்து வைத்தது நம் சமயத்தவர் மரபும் அன்று. அறுபத்துமூவரில் நேச நாயனார் காம்பீலி நகரத்து நெசவாளர். அடியார்க்குக் கீளும் கோவணமும் நெய்து கொடுத்ததே அவர் தொண்டு. காசியிலே பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த கபீர்தாசர் முஸ்லிம் நெசவாளர் குடும்பத்தவர். அவரைத் தம்மவரென்று இரு சமயத்தாரும் கொண்டாடினர். நமது காரைதீவிலே 1892ஆம் ஆண்டு பிறந்த விபுலாநந்த அடிகளை நாம் முத்தமிழ் வித்தகர் என்றே நினைக்கிறோம். துறவு பூணுமுன் மயில்வாகனனாராக அவர் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியிற் பயின்று, 1916ஆம் ஆண்டு விஞ்ஞான டிப்புளோமாப் பெற்றார் என்பதை நம் இளைஞரில் எத்தனை பேர் அறிவர்? பழந்தமிழ் யாழின் நரம்புகளை அளந்து கணக்கிட்டு 1947இல் யாழ்நூல் வெளியிட்டவருக்கு அப்பயிற்சி வீண்போகவில்லை என்றே நாம் கருதுகிறோம்.

ஐரோப்பாவிற் பயிற்சியை அரசே சட்டமாக்கியது. இங்கிலாந்தில் 1563ஆம் ஆண்டுச் சட்டம், ஏழாண்டு பயிலாதவன் குறித்த தொழில்களைச் செய்யலாகாது என்றது. 1814இல் அவ்விதி நீக்கப்பட்டது. இயந்திரச் சாலைகளுக்கு ஏழாண்டு காத்திருக்கப் பொறுமையில்லை. இடையிலே 1733இல் யோன் கே என்பவர் கண்ட பறக்கும் ஓடம் நெசவின் முறையையே மாற்றிற்று. அதுவரை அகலமான துணிக்கு இருவர் வேண்டும். ஒருவர் எறிய, மற்றவர் பிடிப்பார். கயிற்றை இழுத்தால் ஓடம் தானே ஓடும் என்றானபின் ஒருவரே போதும். விரைவு பெருகியது, ஒரு தறிக்கு இரு வாய்கள் பிழைத்த இடத்தில் ஒன்றே பிழைத்தது. அவ்வோடம் பின்னர் கீழைத்தேசத்துக் கைத்தறிகளுக்கும் வந்து சேர்ந்தது. மருதமுனையில் நாம் கேட்ட ‘டக், டக்’ என்ற ஓசை அந்த ஓடம் பெட்டியில் மோதும் ஓசையே.

நம் நாட்டிற் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரி 1893ஆம் ஆண்டிலே தொடங்கியது. நம் பகுதிக்குப் புதுத் தொழில்கள் வந்தது 1949இல் ஆரம்பித்த கல்லோயாத் திட்டத்தோடுதான். அணைக்கட்டு, உழவு இயந்திரம், மின்சாரம், வேலைத்தளம் என்ற சொற்கள் அப்போதே நம் வீட்டுப் பேச்சிலே புகுந்தன. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. நெசவுக்கோ அக்காலம் வேறொரு வகையில் நற்காலம். வெளிநாட்டுச் செலாவணித் தட்டுப்பாட்டினால் 1960களிலே பிடவை இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1970 முதல் 1977 வரை கட்டுப்பாடு இன்னும் இறுகியது. கடையிலே துணி அரிது. நெய்ததெல்லாம் விற்கும். நூல் பங்கீட்டில் வரும். அவ்வேளை மருதமுனையிலே தறியில்லாத வீடு இல்லையென்று சொல்லும் அளவுக்குத் தொழில் பெருகிற்று.

இங்கே எமது கருத்தொன்றைச் சொல்ல அனுமதி வேண்டும். அந்நற்காலமே பயிற்சிக்குக் கெடுகாலமும் ஆயிற்று. எதை நெய்தாலும் விலைபோகும் என்றபோது, ஓராண்டு தார் சுற்றவும் முடிச்சுப் போடவும் யார் இருப்பான்? மூன்று மாதத்திற் குழியில் இறக்கினார்கள். சாயம் போகும் சாரமும் நெருக்கமில்லாத நெசவும் சந்தைக்கு வந்தன. 1977ஆம் ஆண்டின் இறுதியிலே இறக்குமதிக் கதவு திறந்தபோது, வெளிநாட்டுத் துணியோடு நின்று போட்டியிடக்கூடிய கைகள் சிலவே இருந்தன. நல்ல நெசவாளரும் விலையில் தோற்றார்கள் என்பது உண்மை. இயந்திரத் துணியின் விலைக்குக் கைத்தறி எக்காலமும் இறங்கமாட்டாது. எனினும், இறங்கவேண்டிய தேவையில்லாத தரமும் ஒன்றுண்டு. அதைக் கற்றவர் தொகை அவ்வேளை குறைந்திருந்தது.

1978 நவம்பரிற் புயல். அதன் பின் போர். தெருவிலே ஊருக்கு ஊர் போவதே அச்சமாயிருந்த ஆண்டுகளைப் பற்றி நாம் விரித்தெழுத விரும்பவில்லை; இரு ஊராரும் இழந்தவற்றை இரு ஊராரும் அறிவர். நூல் வராத நாளும் துணி போகாத நாளும் அவற்றிற் பல. வளைகுடா நாடுகளுக்கு இளைஞர் போகத் தொடங்கினர். 1992 முதல் ஊர்தோறும் ஆடைத் தொழிற்சாலை அமைக்கும் திட்டம் வந்தது; அங்கே தையற்பொறியிற் சில வாரப் பயிற்சியோடு சம்பளம் கிடைத்தது. தறிக்குழி காத்திருந்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் வந்தது. கல்முனைக் கரையோரம் முழுவதிலும் உயிரிழப்பு மிகுந்த இடங்களில் மருதமுனையும் ஒன்று. மனிதரை இழந்த ஊரிலே தறியைப் பற்றிப் பேச எமக்கு நாக்கூசுகிறது. ஆயினும் வரலாறு எழுதுவோன் அதையும் குறிக்கவேண்டும்: தறியும் நூலும் பாவும் போயின, குழிகளிலே உப்பு மணல் நிரம்பிற்று.

அரசின் ஏற்பாடுகள் எவை என்று இளைஞர் கேட்பர். 1971ஆம் ஆண்டு 49ஆம் இலக்கத் தேசிய பயிலுநர் சட்டம் வந்தது. வேலைத்தளத்திலேயே இருந்து தொழில் பயில்வதற்கு ஒழுங்கான வழியை அது அமைத்தது. 1990ஆம் ஆண்டு 20ஆம் இலக்கச் சட்டம் அதனை விரித்து, இன்றுள்ள தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபைக்கு இடம் செய்தது. தொழிற் பயிற்சி அதிகார சபை 1995ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. பின்னர் தேசிய தொழிற்றகைமை என்ற முறை ஏற்பட்டது. அது ஏழு படிகள் கொண்டது. நான்காம் படிவரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்புளோமா, ஏழாவது பட்டம். தச்சனும் ஒட்டுவேலைக்காரனும் மின்னிணைப்பாளனும் படிப்படியாக ஏறிப் பட்டம் வரை போகலாம் என்ற ஏணி இது. எமது இளமையில் இவ்வேணி இருந்திருந்தால் எமது உறவினர் வாயை ஒருவாறு அடைத்திருக்கலாம்.

இம்முறையிலே பெரியோர் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. பள்ளியிற் படிக்காது, பட்டறையிலும் தறியிலும் பல்லாண்டு பழகியவர்கள், முன்பு கற்றதை மதிப்பிடும் வழியாலே சோதிக்கப்பட்டுச் சான்றிதழ் பெறலாம். தொலமியைப் போல எழுத்தறியாத ஆசான்களுக்கு இது பெருநன்மை. ஊரிலே முப்பதாண்டு மேசன் வேலை செய்தவர் வெளிநாடு போகையிற் கூலியாள் என்று எழுதப்படுவதையும், ஆறு மாதம் படித்த சிறுவன் தொழில்நுட்பவியலாளன் என்று எழுதப்படுவதையும் நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். சான்றிதழ் ஒரு தாள்தான். எகிப்திலும் அது ஒரு தாள்தான். ஆயின் அத்தாள் இருந்தமையாற்றான் தூனிஸின் பெயர் இரண்டாயிரம் ஆண்டு கழித்து மருதமுனைக்கு அருகே உச்சரிக்கப்படுகிறது.

புதிதாகத் தொழில் பயிலப் போகும் தம்பி தங்கையருக்கு ஒரு சொல். எந்தத் தொழிலாயினும் முதல் மாதங்களில் உங்கள் கையிலே பெறுமதியான எதையும் கொடுக்கமாட்டார்கள். சாவியை எடுத்து வா, தூசியைத் துடை, கம்பியை நேராக்கு என்பார்கள். இதை அவமானமென்று எண்ணி விட்டு வந்தோர் எமது சங்கத்திலேயே உண்டு. ஆனால், ஏவல் வேலைக்கும் பயிற்சிக்கும் வேற்றுமை உண்டு, அதையும் கண்டறியவேண்டும். தார் சுற்றுவது பயிற்சி. அது தறிக்குப் போகிறது, பிழைத்தால் திரும்பி வருகிறது, ஏன் பிழைத்தது என்று காட்டப்படுகிறது. ஆறு மாதமாகத் தேநீர் வாங்கி வருபவனுக்கு யாரும் எதையும் காட்டவில்லையென்றால், அவன் அங்கே பயிலுநன் அல்லன். அப்படியிருந்தால் பெற்றோர் போய்க் கேட்கவேண்டும். திரைபோன் கேட்கத் தவறியிருக்கமாட்டார். ஆசானுக்கும் தண்டம் எழுதி வைத்தவர் அல்லவா?

கடல் வந்துபோன அடுத்த ஆண்டு நாம் காக்காவைத் தேடிப் போனோம். நாற்பதாண்டுக்கு அண்மித்த இடைவெளி. வழியில் என்ன சொல்வது என்று பலவாறு எண்ணிக்கொண்டு போனோம். தகப்பனார் சொல்லி அனுப்பாத சொல்லை நாம் சொல்லவேண்டுமென்பது எண்ணம். அவர் ஒரு தற்காலிகக் கொட்டிலிலே இருந்தார். பக்கத்தில், யாரோ கொடுத்த புதுத் தறிச் சட்டம் ஒன்று நின்றது. பேரன் நூலோடு மல்லாடிக்கொண்டிருந்தான். எம்மை அடையாளம் கண்டதும் அவர், “ஆரு, நம்மட பாண்டிருப்புத் தம்பியா? இரி” என்றார். நலம் விசாரித்தோம். போனவர்கள் பெயரைச் சொன்னார். அந்த உம்மாவும் அவர்களில் ஒருவர். சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை.

பின்னர் பாவில் ஓரிழை அறுந்தது. பேரன் எழும்பும் முன்னே நாம் எட்டி அதைப் பிடித்து, கண்ணால் பாராமல், முடிச்சுப் போட்டோம். காக்கா அருகே வந்து, மங்கிய கண்ணைச் சுருக்கி, இரு விரலால் அதைத் தடவிப் பார்த்தார். கத்தரிக்கோலை எடுத்து முடிச்சை வெட்டினார்.

“வால் நீளம். திரும்பப் போடு மனே” என்றார்.